கேள்வி அழிந்த வாக்குமூலம்: குழந்தைச் சாட்சியும் நிபுணர் கருத்தும்

கோலார் மாவட்டத்தின் கூடுதல் மாவட்ட, அமர்வு நீதிமன்றம் ஒன்று மாவட்டத் தலைநகரில் அன்றிக் கோலார் தங்கவயலில் அமர்கிறது. 1880களில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை நடத்தத் தொடங்கிய காலத்திலிருந்து வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களின் ஊர் அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின்னும் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப்ஸ், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களின் வீட்டுமொழி பெரும்பாலும் தமிழாகவே இருக்கிறது. நீதிமன்றத்தின் மொழி கன்னடம். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் படிப்பது ஆங்கிலம். இங்கே ஒரு தமிழ்க் குழந்தை சாட்சி சொன்னால், அதன் சொல் நீதியின் உச்சிவரை போய்ச் சேர்வதற்குள் இரண்டு மொழிப் படிகளைக் கடக்கிறது.

ஆயினும் மொழிபெயர்ப்பைவிடப் பெரிய இழப்பு ஒன்று அதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. அமர்வு நீதிமன்ற விசாரணையில் சாட்சியத்தை எப்படி எழுத வேண்டும் என்பதை 2024 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973இன் 276ஆம் பிரிவு சொன்னது: சாட்சியம் வழக்கமாகத் தொடர் உரையாகவே எழுதப்படும், நீதிபதி விரும்பினால் அதன் ஒரு பகுதியை வினா விடையாக எழுதலாம். விருப்புரிமை உள்ளது, ஆனால் வழக்கம் தொடர் உரைதான். அரசு வழக்கறிஞர் கேட்கிறார், குழந்தை தலையசைக்கிறது அல்லது ஒரு சொல்லில் பதில் தருகிறது, நீதிபதி அதை முழு வாக்கியமாக்கித் தட்டச்சருக்குச் சொல்கிறார். கோப்பில் எஞ்சுவது “நான் வீட்டில் தனியாக இருந்தேன், அப்போது எதிரி வந்தார்” என்பது போன்ற ஒழுங்கான தன்மைக் கூற்று. ஒவ்வொரு பதிலுக்கும் முன் என்ன கேள்வி இருந்தது என்பது கோப்பிலிருந்து அழிந்துவிடுகிறது.

குழந்தைச் சாட்சியத்தைப் பற்றி உளவியல் கடந்த நூற்றிருபது ஆண்டுகளாகச் சேர்த்த அறிவு பெரும்பாலும் அந்த அழிந்த பகுதியைப் பற்றியதே. பாலியல் வன்முறை வழக்குகளில் உளவியல் நிபுணரின் கருத்தை ஏற்கலாமா என்ற விவாதம் இந்தியாவில் ஏன் இன்னும் முழுமையாகத் தொடங்கவேயில்லை என்பதற்கான விடையின் ஒரு பாதியும் அங்கேதான் இருக்கிறது. மற்றப் பாதி 1872இல் இருக்கிறது.

அவ்வாண்டு இயற்றப்பட்ட இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு சாட்சி சொல்ல வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. கேட்கப்படும் கேள்விகளைப் புரிந்துகொள்ளவோ அவற்றுக்கு அறிவுக்குப் பொருந்தும் விடை தரவோ இளவயது தடையாக இருக்கிறது என்று நீதிமன்றம் கருதினாலன்றி எல்லோரும் தகுதியுள்ள சாட்சிகளே என்றது. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் குழந்தையின் தகுதி, சத்தியப் பிரமாணத்தின் பொருள் அதற்குத் தெரியுமா என்பதைப் பொறுத்திருந்தது. இந்தியச் சட்டம் அந்தச் சமயச் சோதனையை ஒதுக்கி, மொழிச் சோதனை ஒன்றை வைத்தது: கேள்வி புரிகிறதா, பதில் சொல்ல வருகிறதா. தகுதியை வினா விடையால் அளந்த சட்டமரபு, சாட்சியத்தை எழுதும்போது வினாவைத் தூக்கி எறிந்தது. இன்றும் பல வாக்குமூலங்களில் குழந்தையின் பெயர், பள்ளி, பொய் சொல்வது தவறா என்பன போன்ற தொடக்கத் தகுதிச் சோதனை மட்டும் வினா விடையாக இருக்கும். வழக்கின் உயிரான பகுதி வந்ததும் வினாக்கள் மறைந்துவிடும்.

118ஆம் பிரிவின் இன்னொரு விளைவு, குழந்தையை எடைபோடும் பொறுப்பு முழுவதும் நீதிபதியிடம் சேர்ந்தது. அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து ஆகியவற்றில் தனித்தேர்ச்சி பெற்றவரின் கருத்தை ஏற்றது. ‘அறிவியல்’ என்ற சொல் உளவியலையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்ததுதான். ஆனால் 1872இல் சாட்சி உளவியல் என்ற துறையே பிறக்கவில்லை. பிறந்தபோது, குழந்தையின் சொல்லை அறிய நீதிபதியின் கண்ணும் காதும் போதும் என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது.

அப்பழக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்த தீர்ப்பாக ‘ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் அரசு’ வழக்கைச் சொல்லலாம். 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி விவியன் போஸ் எழுதியது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கு. சிறுமிக்குப் பிரமாணம் செய்விக்கப்படவில்லை. உண்மை பேசும் கடமையை அவள் உணர்ந்திருந்தாள் என்று கீழ்நீதிமன்றம் தெளிவாகப் பதிவு செய்யவுமில்லை. இதனால் சாட்சியம் செல்லாததாகிவிடாது, ஆனால் நீதிபதிகள் தம் கருத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதிவைப்பது நல்லது என்றது உச்ச நீதிமன்றம். வலுச்சேர்க்கும் சான்று வேண்டும் என்பது சட்ட விதி அன்று, எச்சரிக்கையின் பாற்பட்ட நடைமுறை என்றும் விளக்கியது. 1940களில் சோமாலிலாந்து வழக்கு ஒன்றில் பிரிவி கவுன்சில் எடுத்திருந்த நிலைப்பாட்டின் தொடர்ச்சியே இது.

அத்தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. நிகழ்ச்சிக்குப் பின் சிறுமி தன் தாயிடம் சொன்னதை, சாட்சியச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி அவளுடைய சாட்சியத்துக்கே வலுச்சேர்ப்பாகக் கொள்ளலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. சட்ட நோக்கில் இது சரி, குழந்தைக்கு நியாயமும்கூட. தனியறையில் நடந்த குற்றத்துக்கு வேறு சாட்சியை எங்கே தேடுவது? ஆனால் உளவியல் நோக்கில், தாயிடம் சொன்ன அந்த முதல் உரையாடல்தான் மிக நுட்பமாக ஆராயப்பட வேண்டியது. குழந்தை தானாகச் சொன்னதா, கேட்டபோது சொன்னதா, என்ன கேட்டபோது சொன்னது? 157ஆம் பிரிவு ‘சொன்னது’ என்பதைப் பார்த்தது. ‘கேட்டது’ என்பதற்கு அதில் இடமிருக்கவில்லை.

இந்திய நீதிமன்றங்கள் ஆபத்தைக் காணாதிருக்கவில்லை. அவை அதற்கு வைத்த பெயர் வேறு: ‘சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி’. 1998இன் ‘பஞ்சி எதிர் உத்தரப் பிரதேச அரசு’ தீர்ப்பு, குழந்தைகள் பிறர் சொல்வதால் எளிதில் அசைக்கப்படுவர், சொல்லிக்கொடுப்பவர்களுக்கு எளிதில் இரையாவர் என்று எச்சரித்தது. 2001இன் ‘சூரியநாராயணா எதிர் கர்நாடக அரசு’ கொலை வழக்கில், நிகழ்ச்சியின்போது நான்கு வயதளவே ஆகியிருந்த ஒரு குழந்தைதான் கண்ணால் கண்ட ஒரே சாட்சி. பிரமாணமின்றி அளிக்கப்பட்ட அச்சாட்சியத்தைக் கூர்ந்து ஆராய்ந்து நம்பலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2025 பிப்ரவரியில் ‘மத்தியப் பிரதேச அரசு எதிர் பல்வீர் சிங்’ வழக்கு, சொல்லிக்கொடுத்தலைக் கண்டறியும் முறையைப் படிப்படியாக வகுக்கவும் முயன்றது: அதற்கு வாய்ப்பு இருந்ததா, வாய்ப்பு இருந்திருப்பின் அது நடந்திருக்கக்கூடுமா என்று.

இந்த வரிசை முழுவதும் ஒரே கருத்தாக்கத்தைச் சுற்றிவருகிறது. சொல்லிக்கொடுத்தல் என்பதற்கு ஒரு சொல்லிக்கொடுப்பவர் வேண்டும், அவருக்கு ஒரு நோக்கம் வேண்டும். குடும்பப் பகை, நிலத் தகராறு, காவல்துறையின் அவசரம் என எதையாவது எதிர்த்தரப்பு காட்ட வேண்டும். இது ஒழுக்கம் சார்ந்த குற்றச்சாட்டு. அறிவியல் விளக்கம் அன்று. உளவியலார் ‘கருத்தேற்புத் தன்மை’ என்று குறிப்பது இதனின் வேறானது. அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. அன்பும் பதற்றமும் கொண்ட தாய் ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டாலே போதும். முதல் நான்கு பதில்கள் தவறு போலும் என்று குழந்தை எடுத்துக்கொள்ளலாம். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் நினைவு இடம்பெயர்ந்துவிடுகிறது. இந்தியத் தீர்ப்புகளின் சொற்களஞ்சியத்தில் இந்த நிலைக்கு நேரான பெயர் நிலைபெறவில்லை. பெயரில்லாத ஒன்றைப் பற்றி நிபுணர் கருத்துக் கேட்பது எப்படி?

ஐரோப்பாவில் அந்தப் பெயர் 1900இல் கிடைத்தது. ஆல்ஃபிரெட் பினே அவ்வாண்டு பாரிசில் வெளியிட்ட நூலின் பொருளே கருத்தேற்புத் தன்மைதான். பள்ளிச் சிறுவர்களிடம் கேள்வியின் வடிவத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டு, பதில் எப்படி மாறுகிறது என்று காட்டினார். தவறான பதில் தந்தவர்கள் பொய்யர்கள் அல்லர், கேள்விதான் தவறு என்பது அவர் முடிவின் சாரம். ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்னும் கிளாரா ஸ்டெர்னும் தம் குழந்தைகளையே நாள்தோறும் கவனித்து, 1909இல் இளங்குழந்தையின் நினைவு, சாட்சியம், பொய் பற்றி எழுதினர். அமெரிக்காவில் 1908இல் ஹியூகோ முன்ஸ்டர்பெர்க் நீதிமன்றம் உளவியலை மதிக்கவில்லை என்று குறைசொல்லப்போய், அடுத்த ஆண்டே சாட்சியச் சட்ட அறிஞர் விக்மோரின் கடுமையான கேலிக்கு ஆளானார்.

பெல்ஜியத்தில் 1910 அளவில் ஒரு கொலை வழக்கு, குழந்தைகளின் சாட்சியத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. எதிர்த்தரப்பு நிபுணராக வந்த யூலியன் வாரன்டோங்க் பள்ளிகளுக்குச் சென்று ஒரு சோதனை செய்தார். குழந்தைகளுக்கு நன்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவரின் தாடி என்ன நிறம் என்று கேட்டார். அவருக்குத் தாடியே கிடையாது. பெரும்பாலான குழந்தைகள் ஏதோ ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டார்கள். சோதனை அழகானது, அதிலிருந்து வாரன்டோங்க் எடுத்த முடிவு மோசமானது. நாகரிக நாடுகளில் நீதிமன்றங்கள் குழந்தைகளின் சொல்லைக் கேட்பதையே விட்டுவிட வேண்டும் என்றார் அவர். தாடி உண்டு என்பது கேள்விக்குள்ளேயே ஒளிந்திருந்த முற்கோள். பிழை கேள்வியில் இருந்தது, தண்டனை குழந்தைக்குக் கிடைத்தது. நிபுணர் சாட்சியத்தின் வரலாறு நெடுகிலும் இந்தத் தாவல் திரும்பத் திரும்ப நேர்கிறது.

ஜெர்மனி மட்டும் வேறு வழியில் சென்றது. குழந்தையின் சாட்சியமே ஒரே ஆதாரமாக உள்ள பாலியல் வழக்குகளில் உளவியல் நிபுணரை நீதிமன்றம் அழைக்க வேண்டிய சூழல்களை அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 1954இல் அங்கீகரித்தது. உடோ உண்டோய்ச் போன்றோர் அதன்பின் வளர்த்த முறை, குழந்தையை நம்பாமல் இருப்பதற்காக உருவானதன்று; பல வழக்குகளில் குழந்தையின் சொல் நம்பத்தக்கது என்று காட்டவே அது பயன்பட்டது. அங்கே நிபுணரை நியமிப்பது நீதிமன்றம், வழக்காடும் தரப்பு அன்று. 1999இல் அதே நீதிமன்றம் நிபுணருக்கும் விதி வகுத்தது: வாக்குமூலம் உண்மையன்று என்ற எடுகோளில் தொடங்கி, கருத்தேற்றத்தால் விளைந்திருக்குமா என்பது உள்ளிட்ட மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, எதுவும் பொருந்தாதபோதே நம்பலாம் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

இந்தியச் சட்டம் தாய்ப்பால் குடித்த இங்கிலாந்து மரபு எதிர்த்திசையில் நின்றது. இயல்பான மனித நடத்தையைப் பற்றிச் சாதாரண மனிதர்களுக்குச் சொல்ல உளவியல் நிபுணர் தேவையில்லை என்றது 1975இன் ‘டர்னர்’ தீர்ப்பு. அது குழந்தைச் சாட்சி வழக்கு அன்று, ஆனால் அதன் நிழல் நீளமானது.

அமெரிக்காவில் விவாதம் வெடித்தது 1980களில். கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கி 1990இல் தண்டனை எதுவுமின்றி முடிந்தது. நியூ ஜெர்சியில் மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு 1988இல் 47 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் சிறையில் கழிந்தபின் 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் ‘மைக்கேல்ஸ்’ தீர்ப்பில் அதை உறுதிசெய்தது. மேகி புரூக், ஸ்டீபன் சேசி ஆகிய உளவியலாளர்கள் எழுதி, ஆய்வாளர் பலர் ஒப்பமிட்ட நீதிமன்ற அறிக்கை அத்தீர்ப்பில் பெரும்பங்கு வகித்தது. குழந்தைகளிடம் விசாரித்தவர்கள் ஒலிநாடாவில் பதிவுசெய்திருந்த உரையாடல்கள் அதற்கு அடிப்படையாயின. கேள்விகள் நாடாவில் இருந்தன. அதனால்தான் நிபுணர்களுக்குப் பேச ஏதோ இருந்தது. இந்த ஒரு விவரத்தை இந்திய வாசகர் மறக்கலாகாது.

சேசியும் மிஷெல் லைக்ட்மனும் 1995இல் வெளியிட்ட சோதனை இத்துறையின் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. ‘சாம் ஸ்டோன்’ என்ற மனிதர் மழலையர் பள்ளிக்கு வந்து சில நிமிடங்கள் இருந்துவிட்டுப் போகிறார், எதையும் தொடவில்லை. அவர் வருமுன்னரே அவர் எதையும் போட்டு உடைப்பவர் என்ற கதைகள் ஒரு குழுவுக்குச் சொல்லப்பட்டன. வந்துபோன பின் புத்தகம் கிழிந்ததும் பொம்மைக் கரடி அழுக்கானதும் நடந்தவை போலப் பல வாரங்கள் கேட்கப்பட்டன. அந்தக் குழுவின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் 72 விழுக்காட்டினர் குறிப்பாகக் கேட்டபோது அவர் ஏதோ ஒன்றைச் செய்தார் என்றனர். மென்மையாக மறுத்துக் கேட்டபோதும் விடாமல் நின்றவர்கள் 21 விழுக்காட்டினர். முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வழக்கம். இரண்டாவது எண்ணும், அதே சோதனையில் முன்கதையோ தூண்டும் கேள்வியோ இல்லாத குழுக் குழந்தைகள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள் என்பதும் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும். கெய்ல் குட்மனும் உடனாய்வாளர்களும் தம் உடலில் நிகழ்ந்தவற்றைப் பற்றிய பொய்த் தூண்டல்களைக் குழந்தைகள் பலமாக எதிர்ப்பதையும் காட்டியிருக்கிறார்கள்.

நிபுணர் சாட்சியம் அரசுத் தரப்பிலும் தடம் புரண்டது. குழந்தை தயங்குவதும் மறுப்பதும் பின்வாங்குவதும் வன்கொடுமைக்கு ஆளானோரின் இயல்பே என்று ரோலண்ட் சம்மிட் 1983இல் விவரித்த நோய்க்குறித் தொகுதியை, குற்றம் நடந்ததற்கான சான்றாகவே சில நிபுணர்கள் சொல்லத் தொடங்கினர். சொன்னாலும் சான்று, மறுத்தாலும் சான்று என்றானபோது அது அறிவியலாக எப்படி நீடிக்கும்? நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றமே 2018இல் அதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று கதவை ஏறக்குறைய மூடியது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993இல் ‘மார்க்வார்ட்’ வழக்கில் வகுத்த எல்லைக்கோடு இன்றளவும் பயனுள்ளது: குழந்தைகளின் நடத்தையைப் பற்றி நிபுணர் விளக்கலாம், இந்தக் குழந்தை உண்மை சொல்கிறது என்று சொல்லக்கூடாது.

இந்தியாவில் நிபுணர் வந்த வாசல் வேறு. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் நிபுணரைக் குழந்தையின் பக்கத்தில் அமர்த்தியது, சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. 38ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளரையும் சிறப்புக் கல்வியாளரையும் அழைக்கச் சொல்கிறது. 39ஆம் பிரிவு, விசாரணைக்கு முன்னும் விசாரணையின்போதும் குழந்தைக்குத் துணைநிற்க உளவியல், சமூகப்பணித் துறையினரைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதல்களை மாநில அரசு உருவாக்க வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் விதிகள் ‘நிபுணர்’ என்பவரைக் குழந்தையோடு தொடர்புகொள்ள உதவுபவராகவே வரையறுக்கின்றன. ஆக, ஒரே சொல் இரு சட்டங்களில் இரு பொருள் தருகிறது. சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவிலும் அதன் இன்றைய வடிவமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவிலும் நிபுணர் என்பவர் கருத்துச் சொல்பவர். போக்சோவில் உதவி செய்பவர். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் குழந்தை மனநல மருத்துவத் துறையினர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணி, நீதிபதிகளுக்கும் மற்றோருக்கும் அளிக்கும் பயிற்சி உட்பட, பெரிதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தங்கவயலிலிருந்து நிம்ஹான்ஸ் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்.

உதவும் நிபுணர் நல்லவரே. ஆனால் அவருடைய உதவிக்கு முன்னரே குழந்தை எத்தனை பேரிடம் எத்தனை முறை கேள்வி கேட்கப்பட்டது என்பதை யார் ஆராய்வது? சுரங்கம் மூடியபின் தங்கவயல் மக்களில் ஏராளமானோர் விடியற்காலை ரயிலேறிப் பங்காருபேட்டை வழியே பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். இத்தகைய வீட்டுக் குழந்தை தனக்கு நேர்ந்ததைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஆசிரியையிடமோதான் முதலில் சொல்ல நேரும். பெற்றோர் இரவில் மறுபடி கேட்பார்கள். அடுத்து மருத்துவர், காவல் அதிகாரி, குழந்தைகள் நலக் குழு, மாஜிஸ்திரேட், அரசு வழக்கறிஞர். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்பவரே. நீதிமன்றத்தில் எழுதப்படும் தொடர் உரை இத்தனை உரையாடல்களின் படிவு.

மொழியியல் இங்கே சிறிது உதவக்கூடும். தமிழ் வினைமுற்றோடு ‘ஆம்’ சேர்ந்தால் செய்தி பிறர் சொல்லக் கேட்டது என்று பொருள்: ‘வந்தார்’ என்பது கண்டது, ‘வந்தாராம்’ என்பது கேட்டது. கன்னடத்திலும் இதற்கு நிகராக ‘அந்தெ’ உண்டு, ஆகையால் தமிழிலிருந்து கன்னடத்துக்குக் கவனத்தோடு மாற்றினால் இவ்வேறுபாடு பிழைக்கும். ஆங்கிலத்தில் வினைமுற்றுக்கு அந்த வசதி இல்லை. கவனமில்லாத மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும். துருக்கி மொழியிலும் இத்தகைய விகுதி உண்டு. அதைக் கற்கும் குழந்தைகள் தூண்டல்களை எதிர்ப்பதில் வேறுபடுகிறார்களா என்ற கேள்வியை சாலா அய்தினும் அதே சேசியும் 2009இல் ஓர் ஆய்வுத்தடமாக முன்வைத்தனர். தமிழ்க் குழந்தையின் ‘ஆம்’ ஒரு தடயம், அவ்வளவே. அது இருந்தால் கேட்டறிந்தது என்று ஐயுறலாம். இல்லாததால் கண்டது என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் பலமுறை கேட்ட செய்தி நாளடைவில் தன் நினைவாகவே மாறும்போது உதிர்வது முதலில் அந்த விகுதிதான்.

உறவுச்சொல்லும் இவ்வாறே. லைன் வீடுகளில் வளரும் குழந்தைக்குத் தெருவில் உள்ள ஆண்கள் பலரும் ‘மாமா’. “மாமா தொட்டார்” என்ற சொல் கன்னடப் பதிவில் ‘ஆரோபி’ ஆகிறது, தமிழகப் பதிவுகளில் ‘ஆஜர் எதிரி’ ஆகிறது. எந்த மாமா என்ற கேள்வியை யார், எப்போது, எப்படிக் கேட்டார் என்பது, அடையாளம் காட்டுதல் பற்றிய வழக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கக் கூடியது. ‘தொட்டார்’ என்று முதலில் சொன்ன குழந்தை பிறகு ‘தொட்டான்’ என்று சொல்லத் தொடங்கினால், இடையில் பெரியவர்களின் கோபம் அதன் பேச்சில் ஏறியிருக்கலாம். அக்கோபம் நியாயமானதாகவும் இருக்கலாம். இவற்றைக் கவனிக்கத் தெரிந்தவர் நீதிமன்றத்துக்கு உதவ முடியும், சொன்னது சொன்னபடி பதிவாகியிருந்தால்.

பொதுவாகக் கருத்தேற்புத் தன்மை என்ற பேச்சு எழுந்தாலே அது எதிரிக்குச் சாதகம் என்ற எண்ணம் குழந்தை உரிமைச் செயற்பாட்டாளரிடையே உண்டு. அச்சம் காரணமற்றதன்று; வாரன்டோங்கின் முடிவு நினைவில் இருக்க வேண்டும். ஆனால் கருத்தேற்றத்தின் மிக வலிமையான களம் விசாரணை அறையைக் காட்டிலும் குறுக்கு விசாரணைதான். நியூசிலாந்தின் ரேச்சல் ஜாஜாக்கும் ஹார்லீன் ஹெய்னும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கு விசாரணை பாணியில் கேட்கப்பட்ட ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் தம் பதிலை மாற்றினர், சரியாகச் சொன்ன பதிலையும் மாற்றினர். இந்திய நீதிமன்ற வழக்கில் குறுக்கு விசாரணையின்போது சாட்சி முன் வைக்கப்படும் மறுப்புக் கூற்றுக்குப் பெயரே ‘சஜஷன்’. தமிழ்ப் பதிவுகளில் அது “நான் பகையினால் பொய் சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல” என்ற வாய்பாட்டில் முடியும். ஆறு வயதுக் குழந்தை எதுவும் இப்படிப் பேசாது. அது தலையை ஆட்டியிருக்கும், அழுதிருக்கும், பேசாமல் நின்றிருக்கும். போக்சோவின் 33ஆம் பிரிவு, கேள்விகள் நீதிபதி வழியாகவே குழந்தையிடம் போக வேண்டும் என்றும், ஆக்ரோஷமான கேள்விகளை அனுமதிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. 2004இன் ‘சாக்ஷி’ தீர்ப்பு தொடங்கிவைத்த மாற்றம் அது. தொனி தணிந்தாலும் கேள்வியின் இலக்கண வடிவம் தணிவதில்லை. ‘தானே’, ‘இல்லையா’ என்று முடியும் வினாவை நீதிபதி மென்குரலில் கேட்டாலும் விடை அதனுள்ளேயே இருக்கிறது. ஆகவே குழந்தை பிறழ்சாட்சியாக மாறிய வழக்குகளிலும், உண்மையை ஏன் கைவிட்டது என்று விளக்க இதே அறிவியல் தேவைப்படுகிறது. அங்கே அது அரசுத் தரப்பின் நிபுணராகவே வரும்.

இரு தரப்புக்கும் ஆபத்து பெரிது. 29ஆம் பிரிவு சில குற்றங்களில் எதிரிக்கு எதிரான அனுமானத்தை அனுமதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் கடுமையான ஊடுருவல் குற்றத்துக்குக் குறைந்தது 20 ஆண்டு, உச்சமாக மரண தண்டனை. மறுபுறம், குழந்தையின் உண்மைச் சொல் ‘சொல்லிக்கொடுக்கப்பட்டது’ என்ற ஒற்றை அடைமொழியால் தள்ளப்பட்டால் அது அதே தெருவுக்கு, அதே மாமாவின் எதிர்வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

நீதிபதிகள் மன அறிவியலை ஐயத்தோடு பார்ப்பதற்குக் கர்நாடகத்தில் தனிக் காரணமும் உண்டு. பெங்களூருத் தடய அறிவியல் ஆய்வகம் உண்மை கண்டறியும் ஊசிச் சோதனைகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. 2010 மே மாதம் ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கட்டாயச் சோதனைகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. அது சரியான தீர்ப்பு. ஆயினும் மனத்தைப் பற்றிய அறிவியல் என்றாலே உண்மையைக் கக்கவைக்கும் எந்திரம் என்ற படிமம் அதோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. கருத்தேற்பு ஆய்வு அதற்கு நேர் எதிரானது. அது குழந்தையின் மனத்துக்குள் நுழைவதில்லை, பெரியவர்களின் கேள்விகளைப் பரிசோதிக்கிறது.

அப்படிப் பரிசோதிக்கப் பொருள் வேண்டும். நிபுணர் தம் முடிவை மட்டும் சொன்னால் போதாது, முடிவுக்கு அடிப்படையான ஆதாரங்களை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று 1999இன் ‘ஜெய் லால்’ தீர்ப்பிலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. போக்சோவின் 26ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை ஒலி, ஒளிப் பதிவாகவும் எடுக்கக் காவல் அதிகாரிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் கடமை விதித்து, ‘இயன்ற இடங்களில்’ என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறது. சாட்சியத்தை வினா விடையாக எழுதும் உரிமை, 276ஆம் பிரிவின் இன்றைய வடிவமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 311ஆம் பிரிவிலேயே நீதிபதிக்கு இருக்கிறது. சாட்சி பேசிய மொழியிலேயே இயன்றால் எழுதலாம் என்று அதன் 312ஆம் பிரிவும் சொல்கிறது. புதிய சட்டம் எதுவும் இயற்றாமலே தங்கவயல் நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் தமிழ்ச் சொல்லையும், அதற்கு முன் கேட்கப்பட்ட கேள்வியையும் அப்படியே கோப்பில் வைக்க இம்மூன்றும் போதும். நிபுணரை அழைப்பதா வேண்டாமா, எந்தத் தரப்பு அழைப்பது என்பன அதன்பின் எழும் கேள்விகள்.